நிறம் போனால் தண்ணி சுத்தமாயிடுமா?

இந்த மாதப் பாடம் சாயத்தண்ணியைப் பற்றியது. "சாயத்தைத் தின்கிற கிருமி இருக்காமே, அதை விட்டால் கிணத்துத் தண்ணி நல்லாயிடுமா?" என்று குழுக் கூட்டங்களில் அக்காமார் கேட்கிறார்கள். பதிலைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூர் வழியாகப் போய் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. தண்ணி வேணும் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே, இந்தத் தண்ணியைத் திறந்து விடாதீங்க என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகே பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த ஏற்பாட்டில் நுண்ணுயிரிகளுக்கும் ஒரு வேலை உண்டு.

நுண்ணுயிரி என்ன செய்கிறது?

மாவு புளிப்பதும் பால் தயிராவதும் நுண்ணுயிரி வேலைதான். அது நமக்குப் புதுசு இல்லை. இன்று பயன்படும் சாயங்களில் பாதிக்கு மேல் 'அசோ' வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்பதால்தான் அவற்றுக்கு நிறம் வருகிறது. அந்தக் கையைப் பிரித்துவிட்டால் நிறம் போய்விடும்.

இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்க வேண்டும்.

1. காற்றுப் புகாத தொட்டி: சாண எரிவாயுக் கலன் மாதிரி. காற்று இல்லாமல் வாழும் பாக்டீரியா அசோ பிணைப்பை உடைக்கும். தண்ணி வெளுத்துவிடும். ஆனால் உடைந்த துண்டுகள் தண்ணியிலேயே இருக்கும். இவற்றுக்கு 'அரோமேட்டிக் அமீன்' என்று பெயர். இவற்றில் சில, புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை.

2. காற்று ஊதும் தொட்டி: மக்கு உரக்குழியைக் கிளறிவிட்டுக் காற்றோட்டம் தருகிறோமே, அதுபோல. இங்கே வேறு பாக்டீரியாக்கள் அந்தத் துண்டுகளைத் தின்று, முடிந்தவரை கரைத்துவிடும். ஆனால் எல்லாத் துண்டும் எளிதில் கரைவதில்லை.

முதல் கட்டத்தோடு நிறுத்தினால் கண்ணுக்கு நல்ல தண்ணி, உடம்புக்குக் கெட்ட தண்ணி.

சிப்பிக் காளானும் இதைச் செய்யும்

நம் குழுக்களில் பலர் வளர்க்கும் சிப்பிக் காளான், வைக்கோலில் உள்ள 'லிக்னின்' என்ற கெட்டிப் பொருளை உடைத்துத்தான் வளர்கிறது. அதற்காக அது சுரக்கும் நொதி சாயத்தையும் உடைக்கும். ஆய்வுக்கூடங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் அதிகம் வேலை செய்வது பாக்டீரியாதான். ஒரு எச்சரிக்கை: சாயத்தண்ணி பட்ட காளானையோ வைக்கோலையோ சாப்பிடவும் கூடாது, மாட்டுக்குப் போடவும் கூடாது.

நுண்ணுயிரியால் முடியாதது

உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். அடர் நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்புகூட ஆகும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவோடு வந்துவிடும். எந்த நுண்ணுயிரியும் அதைத் தின்னாது. உப்பு ரொம்ப அதிகமானால் நுண்ணுயிரியே வேலை செய்யத் திணறும். அதனால்தான் நிலையங்களில் ஆர்.ஓ. வைத்து உப்பைப் பிரித்து, மிச்சத் தண்ணியைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கசடையும் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். கிணறும் நிலமும் வருஷக்கணக்கில் பாழாகக் காரணம் நிறத்தைவிட இந்த உப்புதான்.

கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஒரு டம்ளர் தண்ணியில் சொட்டு நீலம் கலக்குங்கள். இன்னொன்றில் இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். (இரண்டையும் யாரும் குடிக்க வேண்டாம்.) எது கெட்ட தண்ணி என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரும் நீலத்தைத்தான் காட்டுவார்கள். உப்புத்தண்ணி தெளிவாகத்தானே இருக்கிறது! இதுதான் இன்றைய பாடம்.

நாம் செய்ய வேண்டியது

* "இந்தப் பொடியைப் போட்டால் தண்ணி வெளுத்திடும்" என்று யாராவது விற்க வந்தால், குழுப் பணத்தைக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உடைந்த துண்டுகள் எங்கே போகும்? உப்பு எங்கே போகும்? கசடு எங்கே போகும்?
* குடிநீரை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்திலும், பாசனத் தண்ணியை வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்திலும் கொடுத்துப் பாருங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணியே இல்லாவிட்டாலும் 2000-ஐத் தாண்டக் கூடாது.
* வீட்டில் சாயம் போடும் உறுப்பினர்கள் மிச்சத் தண்ணியைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம்.
* ஓடையில் கழிவு வந்தால் தேதி, நேரம், இடம் எழுதி, படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கிராம சபையிலும் பேசித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

கலந்து பேச: நம் ஊரில் கடைசியாகத் தண்ணியைப் பரிசோதித்தது எப்போது? அந்த முடிவு யாரிடம் இருக்கிறது? பதிலைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.