காணி ஒன்று, குசினி நாலு

நம்பிக்கை: முந்தியெல்லாம் அப்பு, ஆச்சி, பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில், ஒரே உலையில் சாப்பிட்டார்கள், தனிக்குடித்தனம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம். பேலியகொடையிலிருந்து வெள்ளவத்தை வரை கல்யாணப் பேச்சு நடக்கும் எந்த வீட்டிலும் இது காதில் விழும். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரனும் தன் பாட்டன் காலத்தைப் பற்றி இதையேதான் நெடுநாள் நம்பியிருந்தான். 1427இல் புளோரன்ஸ் அரசு வரிக்காக இத்தாலியின் தொஸ்கானாவில் வீடு வீடாக எடுத்த கணக்கை வரலாற்றாசிரியர்கள் டேவிட் ஹெர்லிஹியும் கிறிஸ்டியான் கிளாபிஷ்-சூபேரும் கணினியில் ஏற்றி ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 60,000 வீடுகள், 2,60,000 பேர். வீட்டுக்குச் சராசரி நாலரைப் பேர்கூட இல்லை. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டு முதல் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட்டின் குழு எண்ணிப் பார்த்த சராசரியும் ஐந்தைத் தொடவில்லை. ஆலைகள் வந்துதான் குடும்பம் சிறுத்தது என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

சராசரியை நம்பலாமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். மகன் கல்யாணம் செய்து பிள்ளை பிறக்கும்போது மூன்று தலைமுறை இருக்கும் வீடு, கிழவனும் கிழவியும் கண்மூடியதும் சின்னக் குடும்பமாகிவிடும். கணக்கெடுத்த நாளில் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை. ஆஸ்திரிய விவசாயிகளை வைத்து லுட்ஸ் பெர்க்னர் 1972இல் இதைத்தான் சொன்னார். தொஸ்கானாவிலேயே வாரத்துக்குப் பயிர் செய்த குடியானவர்களிடையே கூட்டுவீடுகள் இருந்தன, ஏனென்றால் அந்தப் பண்ணைக்கு ஆள்பலம் தேவை. ஆகவே கூட்டுக்குடும்பம் இருக்கவேயில்லை என்பது என் கட்சியல்ல. வேலையும் காணியும் கேட்ட இடத்தில், கேட்ட காலத்துக்கு அது இருந்தது.

ஐரோப்பாவை விடுங்கள், இங்கே ஒல்லாந்தர் காலத்து ஆள், காணிப் பதிவேடான தோம்பிலேயே பெரிய குடும்பங்கள் பதிவாகியிருக்கின்றனவே என்பார்கள். களனி கங்கையின் இருகரையும் அடங்கிய கொழும்புத் திசாவனிக்கு ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஆளின் பெயர், உறவு, வயது, செய்யவேண்டிய இராசகாரியம் என்னும் அரச சேவை. பிறகு தோட்டம், வயல், எத்தனை தென்னை, எத்தனை பலா, யாருக்கு என்ன பங்கு. ஒரே பதிவில் அண்ணன் தம்பிகளும் அவர்களின் பெண்சாதி பிள்ளைகளும் வரிசையாக வருவார்கள். ஆனால் ஒல்லாந்தக் கொம்பனிக்கு வேண்டியிருந்தது சேவையும் வரியும். யார் எந்த அடுப்பில் சமைத்தார்கள் என்பதல்ல. பங்காளிகளை ஒரே பதிவில் கண்டவுடன் ஒரே கூரையின் கீழ் குடியேற்றிவிடுவது நம்முடைய அவசரம்.

யாழ்ப்பாணத்துக்குப் போனால், 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்ற அங்குள்ள தமிழரின் வழக்கச் சட்டம், கல்யாணமாகாத மகன்மாரின் உழைப்பு பொதுச்சொத்தில் சேரவேண்டும் என்கிறது. கூட்டுக்குடும்பக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். அதே சட்டத்தில் மகளுக்குச் சீதனம் கொடுத்துப் பிரித்துவிடும் வழக்கமும் இருப்பதை விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் வீடே சீதனம், மாப்பிள்ளைதான் அங்கே போவார். ஒரே மாமியாரின் குசினியில் நாலு மருமகள்மார் என்ற சினிமாக் காட்சிக்கு அங்கே இடம் எங்கே? மட்டக்களப்புப் பக்கம் இன்னும் தெளிவு. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே ஆராய்ந்த அந்தக் கரையோர ஊர்களில், மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தபின் பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு பக்கத்தில் வேறு வீட்டுக்கு மாறுவதுண்டு. அதுவும் காலப்போக்கில் இளையவளின் சீதனமாகும்.