மண்ணுக்குள் கசியும் குழாய்: பொறுப்பு யாருடையது?

போடிநாயக்கனூரிலிருந்து சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டுள்ளார். சரிவான தெரு. மேல்வீட்டுக் குடிநீர்க் குழாயில் மண்ணுக்குள் எங்கோ ஓட்டை விழுந்து, கீழ்வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுகிறது. “பூமிக்குள் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்?” என்கிறார் மேல்வீட்டுக்காரர். கீழ்வீட்டுக்காரர் ஸலாம் சொல்வதையே நிறுத்திவிட்டார். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறவர்கள். மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதல்ல என்பதை இருவரும் அறிவார்கள். ஆனால் வழக்கு மூன்று மாதமாய் நிற்கிறது.

குழாய் என்ற பெயரில் நமது ஃபிக்ஹுக் கிதாபுகளில் பாடம் இல்லை. ஆனால் சாய்ந்த சுவருக்குப் பாடம் இருக்கிறது. ஹிதாயாவில் ஃபுகஹாக்கள் வகுத்திருப்பதன் சாரம் இது: நேராகக் கட்டிய சுவர் பிறகு தானாகச் சாய்ந்தால், அதற்காக மட்டும் உடையவர் குற்றவாளியாகமாட்டார். “உன் சுவர் சாய்ந்திருக்கிறது, அகற்று” என்று அவரிடம் கோரி, சரிசெய்யப் போதுமான அவகாசம் இருந்தும் அவர் வாளாவிருந்து, பிறகு சுவர் விழுந்தால், சேதத்திற்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் இவ்விடத்தில் தீர்ப்பு வேறு. நேராகக் கட்டப்பட்டுப் பின் சாய்ந்ததற்கு ஈடில்லை என்பதே அங்கு முன்வைக்கப்படும் சொல். கேட்டவர் ஹனஃபீ என்பதால் ஹனஃபீ சட்டத்தின்படியே எழுதுகிறோம்.

குழாயும் அவ்வாறே. தெரியாமல் கசிந்த காலத்திற்கு மேல்வீட்டுக்காரரைப் பிடிப்பதற்கில்லை. கீழ்வீட்டுக்காரர் சாட்சியோடு சொன்ன நாளிலிருந்து, கொத்தனாரையும் பிளம்பரையும் அழைக்கத் தேவையான அவகாசம் கழிந்த பின் ஏறும் ஓதமெல்லாம் அவர் கணக்கில் சேரும். ஆகவே கீழ்வீட்டுக்காரர் செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். முகத்தைத் திருப்பிக்கொள்வது கோரிக்கை ஆகாது. வாயால் சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதிலும் நுட்பம் உண்டு. சுவரை அகற்றும் அதிகாரம் உள்ளவரிடம் கோரினால்தான் அது கோரிக்கை. வாடகைக்காரரிடமோ அடைமானம் பிடித்தவரிடமோ சொன்னது செல்லாது. மேல்வீட்டுச் சொந்தக்காரர் சென்னையில் இருக்க, குடியிருப்பவரோடு நித்தம் சண்டையிடுவதில் பயனில்லை. சொந்தக்காரருக்குக் கடிதமோ ஃபோனோ போக வேண்டும். மறுபுறம், கேட்கும் உரிமை கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. வாடகை வீட்டின் நீர்வழிகளைச் செப்பனிடுவது வீட்டுக்காரர் கடமை என்று 1869 முதல் 1876 வரை துருக்கி உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டமும் கூறுகிறது. குடியிருப்பவர் சொந்தக்காரரிடம் கேட்காமலே தன் பணத்தைப் போட்டுச் செப்பனிட்டால் அது அவர் செய்த உபகாரமாகிவிடும், வாடகையில் கழிக்க இயலாது.

மலைமீது ஏலத்தோட்டம் வைத்திருப்போருக்கு இன்னொரு சட்டம். ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் போட்டு நீர் இறக்குகிறோம். ஏலச்செடிக்கு ஈரம் வேண்டும், ஆனால் தூரில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். வழக்கமான அளவில் பாய்ச்சியும் சிறிது கீழ்த்தோட்டத்திற்கு இறங்கினால் ஈடில்லை. நிலம் தாங்காத அளவு நீரைத் திறந்துவிட்டால் ஈடு உண்டு. ஓஸ் பிய்ந்திருப்பதைக் கண்டும் கீழே ஜீப் பிடிக்க ஓடுகிறவர் இரண்டாம் வகையினர் என்பதே நம் கருத்து.

நான்கு வீட்டுக்கு ஒரே குழாய் என்றால் செலவு? பொதுவான வாய்க்காலைத் தூர்வாருவதில் இதே கேள்வி எழுந்தது. தன் நிலத்தைக் கடந்தபின் அவரவர் பொறுப்பு நீங்கிவிடும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தலை முதல் கடை வரை அனைவரும் தத்தம் பங்குக்கேற்பத் தரவேண்டும் என்றார்கள் அவர்களின் மாணவர் இருவரும். குழாய் போடும்போதே இதைப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பிறர் முற்றத்தின் வழியாகக் குழாய் போனால், முற்றத்துக்காரர் ஒன்று தோண்ட விடவேண்டும், அல்லது தாமே செப்பனிட்டுத் தரவேண்டும். தெருவைத் தோண்டுவதற்கு நகராட்சி அனுமதி தனி.

1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில், கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை ரயில்வேக்கு நேர்ந்த சேதத்தை விசாரித்து, அவரிடம் அசட்டை இல்லாததால் பொறுப்பில்லை என்றது. சட்டங்கள் வேறாயினும் கேள்வி ஒன்றே: தெரிந்தும் விட்டாரா?

தெரிந்துகொள்ளும் வழி எளிது. இஷாவுக்குப் பின் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து, ஃபஜ்ருக்குப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டிக்குக் கீழே எங்கோ கசிகிறது. நிமிடத்துக்கு ஒரு டம்ளர் கசிந்தால், டம்ளருக்கு 200 மில்லி என்று வைத்தாலும், நாளொன்றுக்கு 288 லிட்டர், சுமார் 19 குடம். தெருக்குழாயிலிருந்து வரும் பகுதியில் ஓட்டையிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. ஆபத்து அதில்தான் அதிகம். நகராட்சி நீர் நின்றதும் அந்த ஓட்டை வழியாகவே சாக்கடை உள்ளே உறிஞ்சப்படலாம். நிறமோ மணமோ சுவையோ நஜீஸால் மாறிய நீரில் ஒளூ கூடாது. மாற்றம் தெரியாவிட்டாலும் குடித்தவருக்குக் காமாலை வரலாம்.

இதை எழுதும் நமக்கும் ஒரு கூச்சம் உண்டு. மலையடிவாரத்தில் நாம் இமாமாக இருந்த ஒரு பள்ளியில், ஹவ்ளுக்கு வரும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிந்து, அடுத்த வீட்டு மூதாட்டியின் அடுப்படிச் சுவரை ஒரு வருடமாய் நனைத்துக்கொண்டிருந்தது. பள்ளித் தண்ணீராயிற்றே என்று அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. நோன்புக் கஞ்சி வாங்க வந்த சிறுவன் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. அந்த ஒரு வருடமும் ஒளூவில் நீரை வீணாக்கலாகாது என்று நாம் பயான் செய்துகொண்டுதான் இருந்தோம்!

வக்ஃபு வருமானத்தில் முதல் செலவு வக்ஃபைப் பராமரிப்பதே. ஆகவே மீலாது விளக்கு அலங்காரத்தைத் தள்ளிவைத்துவிட்டு முத்தவல்லி குழாயை மாற்றினார். அந்தச் சுவருக்கு என்ன செய்வது? அந்த அம்மாள் கோரவில்லை, ஆகவே சட்டப்படி பள்ளிமீது ஈடில்லை. ஈடில்லாத இடத்தில் வக்ஃபுப் பணத்தைத் தொடுவதும் சரியல்ல. ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் தத்தம் பையிலிருந்து போட்டு, சுவரைப் பூசிக் கொடுத்தனர். அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான். புதுக் குழாயைத் தன் சுவரை ஒட்டிப் போட வேண்டாம் என்றார். மூன்று முழம் தள்ளிப் போட்டோம்.