அடுப்பு மூட்டாமல் நான்கு நாள்

ராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் படைக்கும் வடைபருப்பில், தாளிப்பை விட்டுவிட்டால், அடுப்புக்கு வேலையே இல்லை. பாசிப்பருப்பை ஊறவைத்து வடித்து, மாங்காய், வெள்ளரி, தேங்காய்த் துருவல், பச்சைமிளகாய், உப்பு சேர்த்துக் கலந்தால் போதும். காலையில் அதற்கு ஈடில்லை. மிச்சத்தைச் சாயங்காலம் திறந்து பார்த்தாலோ அடியில் நீர் தேங்கியிருக்கும், வெள்ளரி துவண்டிருக்கும், தேங்காயில் புளிப்பு வாடை தொடங்கியிருக்கும்.

இதில் பருப்பின் மேல் குற்றமில்லை. உப்பு பட்டதும் வெள்ளரி தன் நீரை வெளியே விட்டது. அந்த ஈரத்தில் தேங்காய் முதலில் கெட்டது, பிறகு மற்றதையும் கெடுத்தது. சமைக்காத சாப்பாட்டை நாலு நாளைக்குத் தயார் செய்ய நினைப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் கலந்து டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள். சேர்மானங்களைத் தனித்தனியாக வைத்து, சாப்பிட உட்காரும்போது கலந்தால் அதே பொருள்கள் நாலு நாளும் தாங்கும்.

எத்தனை வேளைக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. 1929-இல் காந்தி சமைக்காத உணவை மட்டுமே உண்டு பார்த்தார். முளைகட்டிய கோதுமை, பாதாம் விழுது, பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று அளவு வைத்துச் சாப்பிட்டார். சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு வந்து, ஆட்டுப்பாலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு கட்டுப்பாடான மனிதருக்கே அப்படி என்றால், வேலைக்குப் போகிறவர்களுக்கு நாளைக்கு ஒரு வேளை போதும். கீழே உள்ள கணக்கு ஒருவருக்கு, திங்கள் முதல் வியாழன் வரை, தினம் ஒரு வேளைக்கானது.

வாங்க வேண்டியவை: பாசிப்பயறு 150 கிராம், இறுக்கமான முட்டைக்கோஸ் ஒரு கிலோ, கேரட் அரை கிலோ, பீட்ரூட் இரண்டு, எலுமிச்சை ஆறு, மெல்லிய சிவப்பு அவல் கால் கிலோ, கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், எள் 100 கிராம், ஒரு கொப்பரை. நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பதால் அவலை முழுப் பச்சை உணவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டில் அதற்கு அடுப்பு வேண்டாம், வயிறும் நிறையும். தேங்காய்க்குப் பதில் கொப்பரை எடுப்பது வேண்டுமென்றேதான். ஈரம் வற்றிய கொப்பரைத் துருவல் மூடிய பாட்டிலில் வாரம் தாண்டியும் இருக்கும்.

முதலில் முட்டைக்கோஸ். இதை முந்தின வாரம் வியாழக்கிழமையே தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் புளிக்க மூன்று நாள் ஆகும். மேலிலைகள் இரண்டை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கோஸை நான்காகப் பிளந்து ஓடும் தண்ணீரில் அலசி, நீர் வடியவிட்டு, மெல்லிசாக நறுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 25 கிராம் கல் உப்பைப் பொடித்துத் தூவி, பத்து நிமிடம் கையால் அழுத்திப் பிசைய வேண்டும். முதலில் நறநறவென்று எதிர்க்கும் கோஸ் மெல்லத் தளர்ந்து, பாத்திரத்தில் அதன் சாறே ஊறி நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை. அகல வாயுள்ள கண்ணாடி ஜாடியில் அமுக்கி நிரப்பி, எடுத்துவைத்த இலையால் மூடி, அதன்மேல் நீர் நிரப்பிய சிறு பாட்டிலைப் பாரமாக வைத்தால் சாறு மேலே வந்து கோஸை மூடிக்கொள்ளும். ஜாடி வாயில் சுத்தமான துணி கட்டி நிழலில் வைக்க வேண்டும். சாற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும் என்பதால், தினமும் ஒருமுறை பார்த்து அமுக்கிவிட வேண்டும்.

நம் வெயிலுக்கு மறுநாளே குமிழி வரும். மூன்றாம் நாள் மோர்போல இதமாகப் புளிக்கும். உப்பைத் தாங்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் கோஸின் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அந்த அமிலத்தில் கெடுக்கும் கிருமிகள் வளர முடியாமல் போகின்றன. பிறகு மூடி போட்டுப் பிரிட்ஜுக்கு மாற்றினால் வாரக்கணக்கில் இருக்கும். இந்தப் புளித்த கோஸைத்தான் கேப்டன் ஜேம்ஸ் குக் 1768-இல் கிளம்பிய எண்டெவர் கப்பலில், ஸ்கர்வி நோய்க்குக் காப்பாகப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றினார். மாலுமிகள் முதலில் தொடவில்லை. அவர் வற்புறுத்தாமல், அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் சொன்னார். ஒரு வாரம் ஆவதற்குள் எல்லாரும் கேட்டு, அளவு வைத்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்று தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த உத்தியை இன்றும் செய்து பார்க்கலாம்.

அடுத்தது முளைப்பயறு. இந்தப் பட்டியலில் அதிக கவனம் கேட்பது இதுதான். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் சுமார் 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. கடைசியில் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. முளைக்கத் தேவையான சூடும் ஈரமும் கிருமிக்கும் தோதானவை. விதையின் வெடிப்புக்குள் ஒளிந்திருப்பதைக் கழுவி நீக்கவும் முடியாது. எனவே கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளைப்பயற்றை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

மற்றவர்களுக்கு வழி இது. சனிக்கிழமை இரவு பயற்றை நான்கைந்து முறை கழுவி ஊறவைத்து, ஞாயிறு காலை வடித்து, கொதிநீரில் அலசி உலர்த்திய துணியில் முடிந்து வைக்க வேண்டும். நடுவில் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முளை எள்ளளவு எட்டிப்பார்த்ததும் போதும், நீளவிட வேண்டாம். இனி செய்வதில்தான் ஆயுள் இருக்கிறது: வேறு துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, அடியில் உலர்ந்த துணி போட்ட டப்பாவில் பிரிட்ஜின் உள்தட்டில் வைக்க வேண்டும். கதவுத் தட்டு அடிக்கடி சூடாகும். இப்படிச் செய்தால் புதன்கிழமை வரை வரும். வியாழனுக்கு ஒரு மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பே போதும். ராஜ்மாவை மட்டும் முளைகட்டிப் பச்சையாகத் தின்னவே கூடாது. அதிலுள்ள நச்சுப்புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும்.

கேரட்டையும் பீட்ரூட்டையும் முழுசாக வைத்திருப்பதே நல்லது. தலைக்கீரையை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கிழங்கின் நீரை உறிஞ்சி வாட வைக்கும். தினமும் துருவ நேரமில்லாதவர்கள் இரண்டு நாளைக்கு மட்டும் துருவி, எலுமிச்சைச் சாறு பிசிறி மூடிவைக்கலாம். உப்பு போடக் கூடாது.

எள்ளுருண்டைக்கு எள்ளைக் களைந்து ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, பேரீச்சையும் ஏலக்காயும் சேர்த்து இடித்து உருட்டினால் முடிந்தது. ஈரக்கை படாமல் எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும். வேர்க்கடலை சேர்க்க விரும்புகிறவர்கள் சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம்.

சாப்பிடும் வேளையில் ஒரு கைப்பிடி அவலைக் கழுவிப் பிழிந்து ஐந்து நிமிடம் விட வேண்டும். அதனுடன் முளைப்பயறு, கேரட் துருவல், இரண்டு கரண்டி புளித்த கோஸ், கொப்பரை, மிளகுத்தூள் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து கலக்கலாம். கோஸிலேயே உப்பு இருப்பதால் சுவை பார்த்த பிறகு உப்பு போட்டால் போதும். தக்காளி, வெள்ளரி, மல்லித்தழை வேண்டுமென்றால் அப்போதுதான் நறுக்க வேண்டும். அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் அவலையும் பயற்றையும் இரண்டு டப்பாவில் கொண்டுபோவது நல்லது. கோடையில் பயற்று டப்பா வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சாப்பிட வேண்டாம்.

பிரிட்ஜ் இல்லாத விடுதி அறையில் முளைப்பயற்றை நீக்கிவிட்டு அவல், கொப்பரை, உருண்டை, முழு கேரட், எலுமிச்சை என்று வைத்துக்கொண்டாலும் வாரம் ஓடும். கோஸை மட்டும் கால் கிலோவாகப் போட்டு, புளித்த இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

பயறு வழுவழுத்தால், கோஸில் கறுப்பு, பச்சை, இளஞ்சிவப்புப் பூஞ்சை தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டுத் தின்னக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும். புதன் இரவு நல்ல வாடையோடு மிஞ்சியிருக்கும் பயறு குழம்பில் வெந்துவிடும். கோஸ் அடுத்த வாரம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகும்.