கழிவுநீரில் திரளும் நுண்ணுயிர்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றுப் பிரதேசங்களில் தோல் பதனிடுஞ் சாலைகளின் கழிவுநீரால் கிணறுகளும் நிலங்களுங் கெட்டமை குடியானவர் யாவரும் அறிந்ததே. இவ்விஷயமாக 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களில் பெரும்பங்கு வேலை செய்பவை பாக்டீரியாக்களே.

இம்முறையை 1914-ல் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் விளக்கிக் காட்டினர். தொட்டி நீரில் காற்றைச் செலுத்தினால் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகும். பின்னர் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி அடியிற் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். திரளாவிடில் எவ்வளவு தின்றும் பயனில்லை. நீர் கலங்கலாகவே வெளியேறும்.

பாக்டீரியாக்களை அகர் என்னுங் கூழின்மேல் வளர்த்தால், சில வழவழப்பான குடியிருப்புகளாகவும் சில சொரசொரப்பானவைகளாகவும் தோன்றும். ஒரே ஜாதியிலும் இவ்விரு வடிவங்கள் உண்டு. சொரசொரப்பானவை பெரும்பாலும் எளிதில் ஒட்டித் திரளும். வழவழப்பானவை நீரிற் பிரிந்து மிதக்கும். எனினும் இது மாறா விதியன்று. தனித்துத் திரளாத சில, வேறொரு ஜாதியோடு சேர்ந்தவுடன் திரளுவதுமுண்டு. நூல்போன்ற பாக்டீரியாக்கள் அளவோடிருந்தால் திரளுக்கு முதுகெலும்பாகும். மிஞ்சினால் திரள் உப்பிப் படியாது.

திரளைப் பிணைப்பதில் சுண்ணாம்புச் சத்துக்கும் பங்குண்டு. உப்பிலுள்ள சோடியம் மிகுந்தால் அச்சத்தை விலக்கிப் பிணைப்பைத் தளர்த்தும். வயலிலும் சோடியம் இவ்வாறே களிமண்ணின் கட்டைக் கலைத்து, நீர் இறங்காத களர் நிலமாக்குகின்றது.

ஆகையால் குடியானவர் ஒன்றை மறத்தலாகாது. தோலைக் கெடாமற் காக்க இடும் உப்பு நீரிற் கரைந்து நிற்பது. அதைப் பாக்டீரியா தின்னாது. கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் பயிருக்கு உகந்த நீரன்று. உப்பையும் சோடியத்தையும் பரீக்ஷை செய்வித்த பின்னரே நீரைப் பாய்ச்ச வேண்டும். படிந்த சேற்றில் குரோமியம் இருக்குமாதலால், அதை எருவென்று வயலில் இடலாகாது.

கிராம அதிகாரிகள் வாய்க்காலில் கலங்கல் நீரைக் கண்டால், இடமும் தேதியும் நேரமும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கு உடனே அறிவித்தல் நலம். கெட்ட நிலத்தைத் திருத்துவதினும் கெடாமற் காப்பது எளிது.