கோடையும் நம் உடம்பும்: ஆயுர்வேதம் சொல்லும் வழி



'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பது பழமொழி. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து வரும் நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்டெய்னர் லாரி வரிசை, நடுவில் தகரக் கூரை வீடு. வகுப்பில் வெப்பத்தைப் பற்றிப் பாடம் படிக்கிறோம். வீட்டுக்குப் போனால் அதுவே செய்முறைப் பாடமாக நடக்கிறது!

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் என் அப்பா.

போன கோடையில் நடந்தது

அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். போன மே மாதம், அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம், மதியம் இரண்டு மணிக்கு வேலை செய்த இடத்திலேயே அப்பா மயங்கி விழுந்தார். அன்று காலையில் அவர் சாப்பிட்டது ஒரு டீ, இரண்டு வடை. தண்ணீர்க் குழாய் தூரத்தில் இருந்ததால் போகவில்லையாம். "லோடு முடிச்சிட்டுக் குடிக்கலாம்னு இருந்தேன்டா" என்று பிறகு சொன்னார்.

விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் போனார். கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவர் தடுத்து, "வாயில ஊத்தாதே, உடம்பு மேல ஊத்து" என்றார். சட்டையைக் கழற்றி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டே ஆட்டோவில் கொண்டு போனார்கள். அப்பா பிழைத்தார். அந்தப் பெரியவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாதவர்.

அப்பா வீடு திரும்பியதும் ஆயா, "எல்லாம் ஒடம்புச் சூடு, நான் அப்பவே சொன்னேன்" என்று மோரும் வெந்தயமும் ஆரம்பித்துவிட்டார். ஆயா சொல்வதில் எது சரி, எது சரியில்லை என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன?

ஆயுர்வேதம் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாழ்க்கை முறை சொல்கிறது. இதற்கு 'ருது சரியை' என்று பெயர். சரக சம்ஹிதையிலும், வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹ்ருதயத்திலும் இதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு. நம் தமிழிலும் இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகள் இருக்கின்றனவே, அதே கணக்குதான்.

கோடையில் சூரியன் மண்ணிலிருந்தும் உடம்பிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் பலமும் பசியும் குறைகின்றன என்பது அவர்கள் கருத்து. ஆகவே அவர்கள் சொன்ன வழிகள் இவை:

1. இனிப்பான, குளிர்ச்சியான, நீர்ப்பதமான, எளிதில் செரிக்கும் உணவு.
2. காரம், புளிப்பு, உப்பு குறைவு.
3. மண்பாத்திரத்தில் வைத்த பானகம்.
4. கடும் வெயிலும் கடும் உடல் உழைப்பும் கூடாது.
5. பகல் தூக்கம். மற்ற பருவங்களில் பொதுவாக வேண்டாம் என்பவர்கள் கோடையில் மட்டும் அனுமதிக்கிறார்கள். இரவில் திறந்த மாடியில் படுக்கை.
6. மது வேண்டாம். விட முடியாதவர் மிகக் கொஞ்சமாக, நிறையத் தண்ணீர் கலந்து.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வெயிலில் போகாதே, உழைக்காதே என்றால் என் அப்பா எங்கே போவார்? நிழலில் உட்கார வசதி உள்ளவருக்கு எழுதியது போல இருந்தது. பிறகு யோசித்தேன். நூலைத் தூக்கிப் போட வேண்டாம், நமக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொள்வோம்.

நமக்கு ஏற்றவை

*பழைய சோறு, கூழ்:* இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிக்க வைக்கின்றன. நீராகாரத்தில் தண்ணீர், மாவுச்சத்து, போட்ட உப்பு மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. நம்ம ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பழைய சோறு குடல் நோய்க்கு உதவுமா என்று ஆய்வில் இறங்கினார்கள். கேழ்வரகுக் கூழும் கம்மங்கூழும் மோர் ஊற்றிக் குடித்தால் அதே பலன். டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவதைவிட ஒரு சொம்பு கூழ் எவ்வளவோ மேல்.

*மோர், நுங்கு, வெள்ளரி, தர்பூசணி, நன்னாரி:* எல்லாமே நீர்ச்சத்து. சர்க்கரை நோயாளிகள் மட்டும் பதநீர், சர்பத் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தள்ளுவண்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

*உப்பு:* இங்கேதான் நூலோடு நான் மாறுபடுகிறேன். நிழலில் இருப்பவருக்கு உப்பு குறைவு என்பது சரி. வேர்வை ஆறாக ஓடும் தொழிலாளிக்கு உப்பும் சேர்ந்து வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் தசைப்பிடிப்பு வரலாம். மோரில் உப்புப் போட்டுக் குடிக்க வேண்டும். மிகவும் சோர்ந்தவருக்கு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். இரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

*பகல் ஓய்வு:* தூங்க முடியாவிட்டாலும் உச்சி வெயிலில் நிழலில் அரை மணி உட்காருவது சோம்பேறித்தனம் அல்ல. ஆயிரம் ஆண்டு பழைய வைத்தியமும் அதைத்தான் சொல்கிறது.

*மது:* நம் தெருக்களில் இதை எழுதத்தான் வேண்டும். முந்தின இரவு குடித்தவரின் உடம்பில் நீர் ஏற்கனவே குறைந்திருக்கும். மறுநாள் வெயில் அவரைத்தான் முதலில் சாய்க்கும்.

மண்பானை சொல்லும் பாடம்

பானையின் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. நம் உடம்பும் ஒரு மண்பானைதான். ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு!

ஆனால் ஆவியானால்தான் கணக்கு. சொட்டிக் கீழே விழும் வேர்வையால் பயன் இல்லை. கடலோரத்தில் காற்றில் ஈரப்பதம் அதிகம், வேர்வை லேசில் காயாது. அதனால்தான் வேலூரை விட இங்கே டிகிரி குறைவாக இருந்தாலும் புழுங்கித் தள்ளுகிறது. வானிலைத் துறையும் இதை ஒட்டித்தான், சமவெளிக்கு 40 டிகிரி என்றால் கடலோரத்துக்கு 37 டிகிரியிலிருந்தே வெப்ப அலையைக் கணக்கில் எடுக்கிறது (வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும்). 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரியே பதிவாகியிருக்கிறது. எனவே நமக்குக் காற்றோட்டம் முக்கியம். பருத்தித் துணி, ஈரத்துண்டு, விசிறி மூன்றும் சேர்ந்தால்தான் குளிர்ச்சி.

வைத்தியம் வேறு, அவசரம் வேறு

மேலே சொன்னதெல்லாம் வருமுன் காக்க. உடம்பு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. அப்போது மோரும் வெந்தயமும் உதவாது. 108-க்குப் போன் செய்யுங்கள். நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். வேர்வை வந்துகொண்டிருந்தாலும் வெப்பத் தாக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னார். ஆகையால் வேர்வையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்-பிளான்ட் டிரெயினிங் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் நாளே வீரம் காட்டாதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

முடிவாக

250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. அப்படியிருந்தும் என் அப்பா தண்ணீர் தூரம் என்பதால் குடிக்கவில்லை.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாளை நாம் சூப்பர்வைசராகப் போவோம். நம் கையின் கீழ் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்வார்கள். தண்ணீர்ப் பானையை எங்கே வைப்பது, மதியம் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இருப்போம். அன்றைக்குப் பானையை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தூக்குபவர் யாரோ ஒருவரின் அப்பா.

அப்பா இப்போது காலை ஷிப்ட் மட்டும் போகிறார். கூடவே ஒரு பெரிய பாட்டில் மோர். கட்டிக் கொடுப்பது ஆயா, உப்பு அளப்பது நான்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை