சிரித்தவரிடம் கணக்குக் கேட்கும் படம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் குறும்படத் திரையிடலில் பாதியிலேயே சிலர் எழுந்து போனதையும், கத்திக்குத்துக் காட்சியில் பின்வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததையும் எழுதியிருந்தாய். போனவர்களை நினைத்துப் பெருமைப்படுவதா, சிரித்தவர்களை நினைத்து வருத்தப்படுவதா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பார்வையாளர் உடம்பு தானாகச் செய்கிற காரியங்கள் இவை. அவற்றுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிராமல், ஏன் அந்த இடத்தில் நடந்தன என்று பார்க்கப் பழகு.

நீ வாய்க்கு வாய் சொல்கிற 'ஆடிஷன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். ரியூ முரகாமி 1997இல் எழுதிய நாவலுக்கு தைசுகே தெங்கான் திரைக்கதை எழுத, தகாஷி மீகே 1999இல் எடுத்த படம். 2000ஆம் ஆண்டு ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அது ஓடியபோது கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஒரு பெண் மீகேயிடமே வந்து, நீ கொடியவன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். அதே விழாவில் அதே படத்துக்கு சர்வதேச விமர்சகர் கூட்டமைப்பான ஃபிப்ரெசியின் விருதும் கிடைத்தது. வெளியேறியவர்களுக்குச் சினிமா தெரியாது என்றோ, விருது கொடுத்தவர்களுக்கு இரக்கம் கிடையாது என்றோ நான் சொல்லமாட்டேன். இரண்டு தரப்பையும் ஒரே படம் ஒரே காரணத்தால்தான் தொட்டது. அந்தக் காரணத்தை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

படம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதன் முன்பாதியை மட்டும் ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், மனைவியை இழந்த ஒரு நல்ல மனிதரின் குடும்பக் கதை என்றுதான் சொல்வார். ஆவோயாமா தனியாளாக மகனை வளர்க்கிறார். அப்பா, இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று மகனே சொல்கிறான். சினிமாத் தயாரிப்பாளரான நண்பர் யோஷிகாவா ஒரு யோசனை தருகிறார்: ஒரு படத்துக்குக் கதாநாயகி தேடுவதாக அறிவிப்போம், வருகிற பெண்களில் உனக்குப் பிடித்தவளைப் பார்த்துக்கொள். அடுத்து வரும் தேர்வுக் காட்சி அப்பட்டமான நகைச்சுவை. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். தங்களுக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் காட்டுகிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு ஆண்கள் கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்கிறார்கள். வெட்டு வேகமாக இருக்கிறது, இசை துள்ளுகிறது, பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நீயும் சிரித்திருப்பாய்.

படத்தின் வன்முறை அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். கடைசிப் பகுதியில், உடம்பு மரத்துப்போய் ஆனால் வலி மட்டும் மரத்துப்போகாமல் ஆவோயாமா தரையில் கிடக்கும்போது, தேர்வுக்கு வந்தவர்களில் அவருக்குப் பிடித்துப்போன பெண்ணான அசாமி அதைத்தான் சொல்லிக் காட்டுகிறாள்: பெண்களைக் கூப்பிட்டு வரிசையில் உட்கார வைக்கிறீர்கள், வேண்டாமென்று அனுப்புகிறீர்கள், பிறகு ஆசைக்குக் கூப்பிடுகிறீர்கள், எல்லாரும் ஒன்றுதான். அவள் பேசுவது ஆவோயாமாவிடம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சிரித்த ஒவ்வொருவருக்கும் அது உறைக்கிறது. தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் அந்தச் சிரிப்பை யாரும் நம்மிடம் கட்டாயப்படுத்தி வாங்கவில்லை. கறுப்பு நகைச்சுவை என்று நாம் சொல்வது இந்த வேலையைச் செய்ய வேண்டும். சிரிக்க வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது, பிற்பாடு திரும்பி வந்து அந்தச் சிரிப்புக்குக் கணக்குக் கேட்க வேண்டும்.

நடுவில் வரும் ஓர் அறையைப் பல தடவை போட்டுப் பார். சாமான் என்று சொல்ல ஒன்றுமில்லாத அறை. தரையில் ஒரு தொலைபேசி. அசாமி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள், முகத்தை முடி மூடியிருக்கிறது. பின்னால் வாய் கட்டிய ஒரு சாக்குமூட்டை. அவசரப்பட்டு அவளை அழைத்துவிடக் கூடாது என்று நண்பர் தடுத்தும், ஆவோயாமாவால் பொறுக்க முடியவில்லை. மணி அடிக்கிறது. மூட்டை சட்டென்று துள்ளிப் புரள்கிறது. முடிக்குள்ளே அவள் உதட்டில் ஒரு புன்னகை. மறுமுனையில் அவள் குரலைக் கேட்டு அவர் பூரித்துப்போகிறார். அந்த இடத்தில் தியேட்டரே அலறும், அலறிய கையோடு சிரிக்கும். பயந்து போனதை மறைக்கச் சிரிப்பவர்கள் உண்டு. தனக்கு வருவது என்னவென்று தெரியாமல் மகிழ்கிற மனிதரைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு சிரிப்பு. உன் பின்வரிசைக்காரர்கள் சிரித்தது இதில் எது? அல்லது ரத்தம் சாயம் மாதிரித் தெரிந்ததால் சிரித்தார்களா? அதை நீ கண்டுபிடித்தாக வேண்டும்.

ஊசிக் காட்சிக்கு வருவோம். தோல் ஏப்ரனும் நீளக் கையுறையும் போட்டுக்கொண்டு அசாமி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது போல 'கிரி கிரி கிரி' என்று கொஞ்சிக்கொண்டே ஏற்றுகிறாள். அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை, அதனால்தான் நமக்குக் குலை நடுங்குகிறது. பிறகு கம்பி ரம்பத்தால் காலை அறுக்கிறாள். பார்த்து முடித்தவர்களிடம் கேட்டால் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள். திரும்பப் போட்டுப் பார்த்தால் சத்தமும் முகங்களும்தான் பெரும்பங்கு வேலையைச் செய்திருக்கின்றன என்பது தெரியும். அறுத்த பாதத்தை அவள் வீச, அது கண்ணாடிக் கதவில் போய் மோதுகிறது. கொடூரத்தின் உச்சியில் ஓர் அபத்தம். சிரிப்பு தொண்டை வரை வந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். இதையெல்லாம் படத்தின் முதல் பத்து நிமிடத்தில் வைத்திருந்தால் ஒருவர்கூட எழுந்து போயிருக்கமாட்டார். ஆவோயாமாவை நமக்குப் பிடித்துப்போக மீகே அவ்வளவு நேரம் கொடுத்தார். பிடித்த மனிதர் மேல் ஊசி இறங்குவதால்தான் பார்க்க முடியவில்லை.

இதே மீகேயின் 'இச்சி த கில்லர்' 2001இல் டொராண்டோ விழாவின் நள்ளிரவுக் காட்சியில் ஓடியபோது, பார்வையாளர்களுக்கு வாந்தி எடுக்கும் பைகளைக் கொடுத்தார்கள். நல்ல விளம்பரம்தான். ஆனால் பையைக் கையில் வாங்கியவர், தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். பந்தயத்துக்கு வந்தவர் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 'ஆடிஷ'னுக்கும் பிற்பாடு இதே கதிதான் வந்தது. ஊசியேந்திய அசாமியை வெளிநாட்டுச் சுவரொட்டிகளிலும் டிவிடி அட்டைகளிலும் போட்டுவிட்டார்கள். முன்பாதி மெதுவாக இருக்கிறது, எப்போது ஊசி வரும் என்று காத்திருக்கும் பார்வையாளர்கள் அதனால் உருவானார்கள். அவர்களைக் குற்றம் சொல்லாதே. உன் டிரெய்லரில் கத்தியைக் காட்டாதே.

வன்முறை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் உண்டு. கின்ஜி ஃபுகாசாகு 'பேட்டில் ராயல்' எடுத்தபோது அவருக்கு 70 வயது. ஒரு வகுப்பு மாணவர்களைத் தீவில் விட்டு, ஒருவரையொருவர் கொல்லச் சொல்கிற கதை. கொலை விதிகளை, டிவி விளையாட்டு நிகழ்ச்சி நடத்துபவரைப் போல ஒரு பெண் குதூகலமாக விளக்கும் வீடியோ ஒன்று அதில் வரும். 2000 டிசம்பரில் வெளியானபோது ஜப்பான் நாடாளுமன்றம் வரை சர்ச்சை போனது. 15 வயது நிரம்பாதவர்கள் பார்க்க முடியாத ஆர்-15 சான்றிதழ் கிடைத்தது. கதையில் சாகிற பிள்ளைகளின் வயதுக்காரர்களில் பலரால் படத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபுகாசாகு 1945இல் 15 வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குண்டுக்குப் பலியான கூட்டாளிகளின் உடல்களை அள்ளியவர். பெரியவர்களின் உற்சாகப் பேச்சை நம்பிச் சாகிற பிள்ளைகள் அவருக்குக் கற்பனை அல்ல. உனக்கு அப்படி ஓர் அனுபவம் நேர வேண்டாம். ஆனால் உன் படத்தில் கத்தி ஏன் வந்தது என்று யாராவது கேட்டால், அதற்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும்.

பதில் இருந்தாலும் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதே. 'ஆடிஷன்' பெண்ணைப் பேயாகக் காட்டுகிறது என்று சிலர் கொதிக்கிறார்கள். ஆண்களின் பார்வையைத் தோலுரிக்கிறது என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. ஆனால் முதல் பக்கத்தாரிடம் நியாயமில்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். சிறுவயதில் சூடுபட்டு வளர்ந்த அசாமியின் கதை நமக்குத் துண்டு துண்டாக, அதுவும் ஆவோயாமாவின் மயக்கத்தினூடாகத்தான் கிடைக்கிறது. ஒரு பெண் தன் சொந்த வலியை அங்கே காண்பார். இன்னொருவர் தன்னை மறுபடியும் ஒருவன் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டான் என்று எழுந்து போவார். இருவரிடமும் வாதாடாதே, கேட்டுக்கொள். எழுந்து போகிற உரிமை பார்வையாளருடையது. அது அவருக்கு எளிதாக இருக்கும்படி, படத்தில் என்ன மாதிரி வன்முறை இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. அதை எங்கே, எப்படி வைத்திருக்கிறாய் என்பதை மட்டும் மறைத்து வை.

இனி உன் வேலை. அடுத்த திரையிடலில் திரையைப் பார்க்காதே, ஓரமாக நின்று முகங்களைப் பார். எந்த ஷாட்டில் சிரிப்பு எழுந்தது, எந்தச் சத்தத்துக்குக் கை கண்ணுக்குப் போனது, யார் போனை எடுத்தார் என்று குறித்து வை. போனை எடுத்தவர்தான் உன்னை மிகவும் கவலைப்படுத்த வேண்டியவர். எழுந்து போனவரிடம் மன்னிப்போ விளக்கமோ சொல்லாமல், எந்த இடத்தில் போக முடிவு செய்தீர்கள் என்று மட்டும் கேள். பெரும்பாலும் அது கத்தி வந்த இடமாக இருக்காது, அதற்குச் சில காட்சிகள் முன்னால் இருக்கும்.

பிறகு எடிட்டிங் மேசைக்குப் போ. குத்துப்படுகிறவன் உன் படத்தில் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அவன் சாப்பிடுவதை, யாரிடமாவது அசடு வழிவதை, நான் அவனைப் பார்த்துச் சிரிப்பதை நீ இன்னும் எடுக்கவில்லை. கத்திக்குத்தில் ரத்தம் தெரிகிற ஷாட்களை எடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை அவனுக்குக் கொடு. அந்தப் பிரதியை எனக்கு அனுப்பு. அவன் சாகும்போது எனக்கு வலித்தால், எடுத்த ரத்தத்தில் எவ்வளவைத் திரும்பச் சேர்க்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்