மேட் கிளியரைத் தேர்ந்தெடுத்தல்: ஸ்கேல் மாடலின் இறுதி அடுக்கு குறித்த அனுபவப் பாடங்கள்

ஸ்கேல் மாடல் என்பது உண்மையான ஒரு விமானத்தையோ கவச வாகனத்தையோ கப்பலையோ 1/35, 1/72, 1/144 போன்ற நிலையான விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யப்படும் உருவமாகும். அதற்கு வண்ணம் பூசி, சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட டீக்கால் என்னும் மெல்லிய படலங்களை நீரில் நனைத்து ஒட்டி, புகைக்கறையும் துருவும் தோன்றச் செய்த பின்னர், அவ்வடுக்குகள் அனைத்தையும் காக்கவும் அவற்றின் பளபளப்பைச் சீராக அடக்கவும் கடைசியாக அடிக்கப்படும் நிறமற்ற பூச்சே மேட் கிளியர். பல வார உழைப்பின் மீது சில நொடிகளில் விழும் இந்த அடுக்கை, கீழே உள்ளவற்றைச் சிதைக்காமல் பின்னர் அகற்றுவது மிக அரிது. ஆதலால் எந்த ஸ்ப்ரே கேன் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னர், அது விழப்போகும் பரப்பில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று கேட்க வேண்டும் என்பதே இக்கலையில் நெடுநாள் ஈடுபட்டோரின் அனுபவம் தரும் முதற்பாடம்.

மங்கல் உருவாகும் விதம்

வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்புவதால் கண் பளபளப்பை உணர்கிறது. நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்த பரப்பில் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் மங்கலை உணர்கிறது. மேட் கிளியரில் படலமாக உலரும் பிசினும், அப்பிசினைத் திரவமாக வைத்திருக்கும் கரைப்பானும், பளபளப்பைக் குறைக்கும் நுண்தூளும் கலந்திருக்கின்றன. அத்தூள் பெரும்பாலும் சிலிக்கா ஆகும். கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது சிலிக்காத் துகள்கள் மேற்பரப்பில் புடைத்து நின்று அதனைச் சொரசொரப்பாக்குகின்றன. இத்தூள் கேனின் அடியில் படியும் இயல்புடையது என்பதால், உள்ளே இருக்கும் குண்டு தடையின்றி உருளும் ஓசை கேட்கத் தொடங்கிய பின்னரும் ஓரிரு நிமிடங்கள் குலுக்குவது இன்றியமையாதது. அவ்வாறு செய்யாவிடில் தூள் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் விழுந்து, ஒரே இறக்கையில் வெளிறிய திட்டும் பளபளக்கும் திட்டும் அடுத்தடுத்துத் தோன்றும்.

சிதறும் வெள்ளொளி கீழிருக்கும் நிறத்தோடு கலந்து கண்ணை அடைவதால், மேட் கிளியருக்குப் பின்னர்க் கருப்பு சற்றுச் சாம்பலாகவும் அடர்நீலம் சற்று வெளிறியும் தோன்றும். இம்மாற்றத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டு அடிப்படை வண்ணத்தைச் சிறிது அடர்த்தியாகத் தேர்வது நல்ல பயனைத் தரும்.

எவ்வளவு மங்கல் வேண்டும்

பளபளப்பைப் பெயிண்ட் தொழில் ஐஎஸ்ஓ 2813 என்னும் பன்னாட்டுத் தரமுறைப்படி அளக்கிறது. ஒளிவிலகல் எண் 1.567 உடைய மெருகேற்றிய கருங்கண்ணாடிக்கு 100 என மதிப்பிட்டு, பிற பரப்புகள் அதனோடு ஒப்பிடப்படுகின்றன. வழக்கமான அளவீட்டுக் கோணம் 60 பாகை. அக்கோணத்தில் மதிப்பு 10-க்குக் கீழே இறங்கினால் 85 பாகைக்கு மாற வேண்டும். நேராகப் பார்க்கையில் முற்றிலும் மங்கலாகத் தெரியும் பரப்பும், விளிம்பை ஒட்டிச் சாய்வாகப் பார்க்கையில் மினுங்கக்கூடும் என்பதையும் இது நினைவூட்டுகிறது. ஆகவே ஒரு கிளியரை மதிப்பிடுவோர் சோதனைத் துண்டை விளக்கொளியில் பல கோணங்களில் சாய்த்துப் பார்த்த பின்னரே முடிவு செய்வது முறையாகும்.

மங்கலின் அளவை மாடலின் விகிதமும் தீர்மானிக்கிறது. 1/72 மாடலை 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து காண்பது உண்மையான விமானத்தை 21.6 மீட்டர் தொலைவிலிருந்து காண்பதற்குச் சமம். 1/144 என்றால் அது 43.2 மீட்டராகிறது. அத்தொலைவில் உண்மைப் பொருளின் பளபளப்பு தணிந்தே தோன்றுவதால், மாடல் சிறிதாகச் சிறிதாக மங்கலைக் கூட்டுவது இயல்பான தோற்றத்தைத் தரும். எனினும் இராணுவ ஊர்தி என்றாலே முழு மேட் என்று கொள்வது பிழையாகும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரச வான்படை, சொரசொரப்பான மேட் பெயிண்ட் காற்றின் தடையைக் கூட்டி வேகத்தைக் குறைத்ததால் வழவழப்பான பெயிண்டுக்கு மாறியது. அமெரிக்கக் கடற்படையோ 1944 முதல் தன் போர் விமானங்களுக்குப் பளபளப்பான கடல்நீலத்தை விதித்தது. முன்னதற்கு மேட்டுக்கும் பளபளப்புக்கும் இடைப்பட்ட சாட்டின் கிளியரும், பின்னதற்குச் சற்றே தணித்த பளபளப்பும் பொருந்தும். உண்மைப் பொருளின் புகைப்படங்களை முதலில் ஆராய்வது தேர்வின் ஒரு பகுதியே ஆகும்.

கரைப்பானும் கீழடுக்கும்

கடைகளில் கிடைக்கும் மேட் ஸ்ப்ரேக்களைக் கரைப்பானின் அடிப்படையில் லாக்கர், எனாமல், நீர்சார் அக்ரிலிக் என மூன்றாகப் பிரிக்கலாம். ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியாவின் டிஎஸ்-80, ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் மிஸ்டர் சூப்பர் கிளியர், அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனத்தின் டல்கோட் ஆகியவை லாக்கர் வகையின. இவற்றின் வலிமையான கரைப்பான் விரைவாக ஆவியாகி மெல்லிய, உறுதியான படலத்தை விட்டுச் செல்கிறது. அதே வலிமையால், எனாமல் வண்ணத்தின் மீது கனமாக அடிக்கப்படும்போது அடியிலுள்ள படலத்தை இளகச் செய்து சுருக்கவும் வெடிக்கவும் செய்யலாம். கிரியோஸின் மிஸ்டர் டாப்கோட் போன்ற நீர்சார் கிளியர்கள் கீழடுக்கின் மீது மென்மையாக நடந்துகொள்கின்றன. ஆயினும் அவற்றின் படலம் லாக்கரைப் போல் உறுதியாக அமைவதில்லை. எனாமல் கிளியர், லாக்கர் வண்ணத்தின் மீதும் நன்கு உலர்ந்த அக்ரிலிக் வண்ணத்தின் மீதும் இடரின்றி அமரும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவதால் முழுமையாக உலரப் பல நாட்கள் ஆவதோடு, ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும் போக்கும் உடையது. வெள்ளை, வெளிர்நீலம் போன்ற நிறங்களில் இம்மஞ்சள் முதலில் புலப்படும் என்பதால் அந்நிறங்களுக்கு அக்ரிலிக் பிசினில் அமைந்த கிளியரே ஏற்றது.

1980-இல் பண்டாய் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய கன்பிளா என்னும் ரோபோ மாடல்களில் பிளாஸ்டிக்கே நிறம் ஊட்டப்பட்டு வருவதால், வண்ணம் பூசாமல் மேட் கிளியரை மட்டும் அடிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. பொம்மைத்தன்மையான மினுமினுப்பு அடங்கி, சட்டகத்திலிருந்து பாகங்களை வெட்டியெடுத்த தழும்புகளும் ஓரளவு மறைந்து, குறைந்த உழைப்பில் மிகுந்த மாற்றம் கிடைக்கிறது. ஆனால் இவற்றின் மூட்டுகளுக்குச் சில தொகுப்புகளில் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், இறுக்கமாகப் பொருத்தப்பட்ட நிலையில் கரைப்பான் படும்போது விரிசல் காணக்கூடியது. எனவே உருவத்தைக் கழற்றி, மூட்டுகளைத் தனியே விலக்கி வைத்து அடிப்பதும், நீர்சார் கிளியரைத் தேர்வதும் பாதுகாப்பானவை.

டீக்காலும் ஒளிபுகும் பாகங்களும்

டீக்காலை மேட் பரப்பின் மீது ஒட்டினால், சொரசொரப்பின் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு, படலத்தின் நிறமற்ற ஓரங்கள் வெள்ளிபோல் மின்னும். பின்னர் எத்தகைய மேட் கிளியரை அடித்தாலும் அக்குறை நீங்காது. ஆதலால் வண்ணத்தின் மீது முதலில் பளபளப்பான கிளியர், அதன் மேல் டீக்கால், அதனைக் காக்க மீண்டும் மெல்லிய பளபளப்பு, அதன் மேல் மாடலில் பதிந்துள்ள கோடுகளில் ஓடவிடும் நீர்த்த கருமை, எல்லாவற்றுக்கும் மேலாக மேட் என்னும் வரிசையைக் கைக்கொள்வது நலம். லாக்கர் கிளியரைக் கனமாக அடித்தால் டீக்கால் சுருங்கும் என்பதால், முதல் இரண்டு பூச்சுகள் பரப்பை நனைக்காத மெல்லிய தூவலாக அமைந்து நன்கு உலர வேண்டும். விமானி அறையின் கண்ணாடி, விளக்குகள் முதலிய ஒளிபுகும் பாகங்கள் மேட் பட்ட கணமே பனிபடர்ந்தாற்போல் மங்கிவிடும். அவற்றை மறைப்பு நாடாவால் மூடுவதோ, கடைசியில் தனியே பொருத்துவதோ வேண்டும். உலோக வண்ணங்களும் மேட்டின் கீழ் தம் உலோகத்தன்மையை இழந்து வெறும் சாம்பலாகிவிடுவதால், அப்பகுதிகளை மேட்டுக்குப் பின்னர்ப் பூசுவது மேலானது. மண்தூசியைக் காட்டத் தூவும் நிறத்தூளும் கிளியர் பட்டால் பெருமளவு மறைந்துபோகும். மேட் பரப்பு தூளை நன்றாகப் பற்றுவதால் அதனையும் கிளியருக்குப் பின்னரே தூவலாம்.

ஈரப்பதமும் வெண்படலமும்

மேட் கிளியரைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது காற்றின் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வதால் பரப்பு குளிர்கிறது. பரப்பின் வெப்பநிலை, காற்றிலுள்ள நீராவி பனித்துளியாக மாறும் வெப்பநிலைக்குக் கீழே சென்றால் நுண்ணிய நீர்த்துளிகள் ஈரப்படலத்தில் சிக்கி வெண்மையாகத் தெரிகின்றன. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் நீராவி சுமார் 26 டிகிரியிலேயே துளியாகிறது. அதாவது பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தாலே வெண்படலம் தோன்றிவிடும். அதே வெப்பத்தில் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் அவ்வெல்லை சுமார் 18 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் இடர் பெரிதும் குறைகிறது. ஜப்பானில் ஜூன், ஜூலை மாத மழைக்காலம் இத்தகைய வேலைக்கு ஒவ்வாதது போலவே, தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழை நாட்களும் ஒவ்வாதவை. ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அளவு 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் நேரத்தையோ குளிர்சாதனத்தால் ஈரம் குறைந்த அறையையோ பயன்படுத்துவது, விலையுயர்ந்த கேனை வாங்குவதைவிடப் பயன் மிக்கது.

ஈரத்தால் வந்த வெண்படலத்தைப் பளபளப்பான கிளியரின் மெல்லிய தூவலால் மீண்டும் இளக்கினால், சிக்கிய நீர் வெளியேறி நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். சிலிக்கா மிகுதியால் வந்த வெளிறலும் அதே முறையில் மறையும். பளபளப்பான பிசின் மேடுபள்ளங்களை நிரப்பிவிடுவதே காரணம். இரண்டுக்கும் பின்னர், உலர்ந்த நாளொன்றில் மேட்டை மெல்லியதாக மீண்டும் அடிக்கலாம்.

அடிக்கும் முறையும் பாதுகாப்பும்

கேனைப் பரப்பிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, மாடலுக்கு வெளியே தொடங்கி மாடலுக்கு வெளியே முடியுமாறு சீராக நகர்த்த வேண்டும். தொலைவு கூடினால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து மணல்போல் படியும். குறைந்தால் பூச்சு தேங்கி, தூள் ஒரு விளிம்பில் திரளும். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகளே எப்போதும் மேலானவை. கரைப்பான் ஆவியைத் தூசி முகமூடி தடுப்பதில்லை என்பதால் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடியும், காற்று வெளியேறும் இடமும் கட்டாயம் தேவை. கேனிலுள்ள பூச்சை உந்தும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. 40 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் வைக்கலாகாது என்று ஜப்பானியக் கேன்களில் அச்சிடப்பட்டிருப்பதைக் கோடை வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ மொட்டைமாடி அறையிலோ கேனை விட்டுச்செல்வோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

சோதனைத் துண்டே நடுவர்

மேற்கூறியவை அனைத்தும் நடைமுறையில் ஒரு சோதனையில் வந்து சேர்கின்றன. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில், மாடலில் பயன்படுத்திய அதே வண்ணத்தை அதே வரிசையில் பூசி, மாடலின் டீக்கால் தாளில் எஞ்சிய ஒன்றை ஒட்டி, உலர்ந்த பின்னர்க் கிளியரை ஒரு பாதியில் மெல்லியதாகவும் மறுபாதியில் சற்றுக் கனமாகவும் அடித்து, ஒரு நாள் கழித்துச் சுருக்கம், வெளிறல், மங்கலின் அளவு ஆகியவற்றை ஆராய வேண்டும். அன்றைய ஈரப்பதத்தையும் கிளியரின் பெயரையும் கரண்டியின் பிடியில் எழுதி வைத்தால், நாளடைவில் அக்கரண்டிகளே தத்தம் வண்ணங்களுக்கும் தத்தம் ஊரின் காற்றுக்கும் ஏற்ற நம்பகமான கையேடாகிவிடும். புதிய கேன் வாங்கும்போதும், பழகிய கேனையே புதிய வண்ணத்தின் மீது அடிக்கும்போதும் இச்சோதனையைத் தவறாது செய்பவர், தம் மாடலின் இறுதி அடுக்கை அச்சமின்றி அடிக்கலாம்.